கப்பலில் தண்ணீர்கூடக் குடிக்காதவள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைய லிஸ்ட்: வெங்காயம் இரண்டு மூட்டை, உருளைக்கிழங்கு மூன்று, முட்டை முப்பது தட்டு, பன்றி இறைச்சி இருபது கிலோ, மணிலா கயிறு இரண்டு சுருள், குளியல் சோப் ஒரு பெட்டி. இதெல்லாம் கப்பலுக்கு. நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு மானிட்டர். இது எனக்கு.

நேற்றுதான் வைத்தார்கள். தீக்குச்சி நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன். மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதாக ஒரு கீறல், பத்து நிமிஷம். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான்" என்றார் டாக்டர். இத்தனை சின்னச் சாமானுக்கு அந்த விலையை நான் சொல்லியிருந்தால் கப்பல்காரன் என்னைத் தூக்கி ஹூக்ளி ஆற்றில் போட்டிருப்பான்.

நான்கு மாதத்தில் மூன்று தடவை மயங்கி விழுந்திருக்கிறேன். முதலில் டாக்கில், கப்பல் நிற்கிற துறையில். அப்புறம் கிடர்பூரில் நம் கடை வாசலில். அப்புறம் லேக் கார்டன்ஸில், வீட்டுச் சமையலறையில். ஒவ்வொரு தடவையும் சில விநாடிதான். எழுந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறேன். ஈசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன், கட்டிலில் கட்டி நிமிர்த்துகிற ஒரு சோதனை, எல்லாம் நார்மல். விழுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டேனா, குடித்தேனா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன். "கப்பல்ல பச்சைத் தண்ணிகூட வாயில வைக்க மாட்டா" என்று என் வீட்டுக்காரர் மஹாதேவனும் பக்கத்திலிருந்து சொன்னார்.

இந்த மானிட்டர் மூன்று வருஷம் வரை உள்ளேயே கிடந்து, அடுத்த தடவை விழும்போது இதயம் என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளும். அதுவரை, காரணம் தெரிகிறவரை, நான் கப்பல் ஏணி ஏறக் கூடாது.

கப்பலுக்குச் சாமான் சப்ளை பண்ணுகிறவளை ஏணி ஏறாதே என்றால்? தபால்காரனைத் தெருவில் நடக்காதே என்கிற மாதிரிதான். லிஸ்ட் வாட்ஸப்பில் வரும். கையெழுத்து கப்பலின் சாப்பாட்டு அறையில், மெஸ்ஸில்தான் விழும், சீஃப் குக்குக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பெயரில். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பது நான்.

பிப்ரவரி 14, வெள்ளி

கட்டில் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் தூங்கும்போது நெஞ்சிலிருப்பது அன்றைய சமாசாரத்தை இதனிடம் ஒப்பிக்குமாம், இது ஆஸ்பத்திரிக்கு அனுப்புமாம். கோள் சொல்வதற்கென்றே இரண்டு மெஷின்.

மூன்றாவதாக ஒரு பட்டன். கார் சாவி அளவு. மயங்கி எழுந்ததும் நெஞ்சுக்கு நேரே பிடித்து அமுக்கினால் முந்தைய சில நிமிஷம் பதிவாகிவிடும்.

இது போதாதென்று இவர் ஒரு ரிஜிஸ்டர் போட்டிருக்கிறார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக ரிடயர் ஆனவர், கோடு போடாவிட்டால் கை நடுங்கும். சிவப்பு மையில் நான்கு பத்தி: நேரம், இடம், நிகழ்வு, குறிப்பு.

"எதுக்குன்னா இது? அதான் மெஷின் எழுதறதே."

"மெஷினுக்கு நெஞ்சுதான் தெரியும். நீ எங்க நின்னுண்டு யாரைத் திட்டிண்டிருந்தேன்னு அதுக்குத் தெரியுமோ?"

முதல் பதிவைப் பார்த்தேன். 7.10, வாசல், பால்காரருடன் வாக்குவாதம். குறிப்பு: பால்காரர் தோற்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று முட்டைக்காரனைப் போனில் பிடித்து விளாசிக்கொண்டிருந்தேன். முப்பது தட்டில் நான்கு தட்டு உடைசல். என் முகம் சிவந்துவிட்டதாம். இவர் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பட்டனை நெஞ்சில் வைத்து அமுக்கினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கல்யாணமான புதிதில்கூட இவர் கை இவ்வளவு அவசரமாக வந்ததில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். மானிட்டர் பதிவுகளைப் பார்க்கிற பெண், அனன்யா. வங்காளிப் பெண், இனிமையான குரல், சித்தி என்கிற மாதிரி மாஷிமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஷிமா, நேத்து மூணு தடவை மயக்கமா?"

"மயக்கம் இல்லம்மா. முட்டை."

விளக்கிச் சொன்னதும் ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம் கண்டிப்பாகப் பேசினாள். பட்டன் பதிவுக்கு மெஷினில் இடம் கொஞ்சம்தான். புதிது வர வர பழையது அழிந்துகொண்டே போகும். அதனால் நிஜ மயக்கத்துக்கு மட்டும்தான் அமுக்க வேண்டும்.

இவர் அதையும் எழுதிக்கொண்டார். நானும் மனதில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் விழவில்லை. வாங்கிப் போட்ட சாமான் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

மார்ச் 19, புதன்

எனக்குப் பதிலாக சூசைராஜ் கப்பல் ஏறுகிறான். தூத்துக்குடிக்காரன், பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறான். எடை பார்ப்பதில், மூட்டை எண்ணுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே குறை, உண்மை பேசுவான்.

இன்று வந்த கப்பலில் குக் கேட்டிருக்கிறான், கோஸ் எப்படி என்று. "சுமார்தான்" என்றிருக்கிறான் இவன். லிஸ்ட் மண்டலுக்குப் போய்விட்டது. மண்டல் நமக்கு எதிர்க்கடை.

"ஏண்டா அப்படிச் சொன்னே?"

"யக்கா, சுமாராத்தான இருந்திச்சு?"

"சுமாரா இருக்கிற கோஸை யாராவது சுமார்னு சொல்லி விப்பாளா?"

"அப்ப என்னன்னு சொல்லணும்?"

"'கல்யாணத்துக்குக் கேட்டா, தரல, உங்களுக்காக எடுத்து வச்சேன்'னு சொல்லணும்."

"அப்படி ஒரு கல்யாணமே இல்லையேக்கா."

இவனோடு என்ன பேச? இதோடு மூன்றாவது கப்பல் போயிற்று.

ஏப்ரல் 2, புதன்

ஃபெர்னாண்டஸின் கப்பல் நாளை ஆற்று நீர் ஏறும்போது லாக் கேட் வழியாக டாக்குக்குள் வருகிறது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வரும். அவர் அதில் சீஃப் குக், கோவாக்காரர், நம் பெரிய வாடிக்கை, அந்தக் கப்பல் ஒன்றே கடை வாடகையைத் தாங்கும். இன்று, அக்கா என்கிற மாதிரி தீதி போட்டு, செய்தி அனுப்பியிருக்கிறார்: "தீதி, உயிரோடு இருக்கிறீர்களா? படுத்த படுக்கை என்று மண்டல் சொல்கிறான்."

படுத்த படுக்கையா? நானா?

நாளைக்கு லேக் மார்க்கெட் போவதாக இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டிலாவது.

ஏணி முப்பத்தெட்டுப் படி. சூசைராஜ் பின்னால் வந்தான்.

"விழுந்தா என் மேலதான் விழுவீய. நெனப்புல வச்சிக்கிடுங்க."

"விழுந்தா சேதம் உனக்குத்தான். நடடா."

ஒன்றும் ஆகவில்லை. தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. மேலே போய் நின்று ஏணியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

இனி எழுதப் போவதை எங்கேயும் எழுதினதில்லை. கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்ந்த கோலா டப்பாவைத் திறக்காமல் லிஸ்டைத் திறக்க மாட்டார்கள். "என் அடுப்புக்குச் சாமான் தருகிறவள், என் மேஜையில் ஒரு வாய் குடிக்க மாட்டாயா?" என்பது அவர்கள் நியாயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். மாட்டிறைச்சி வேகிற அடுப்பங்கரை. தொழில் ஆரம்பித்தபோது இவரிடம் நான் கொடுத்த வாக்கு, கப்பலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்பது. அதைச் சொன்ன பிறகுதான் சரியென்று தலையாட்டினார். முதல் கப்பலிலேயே அது உடைந்தது. டப்பா சீல் வைத்தது, அவர்கள் பாத்திரம் இல்லை, அதனால் கணக்கில் சேராது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் உறுத்தும். அதனால் மடக்மடக்கென்று குடித்துவிடுவேன். மெதுவாக உறிஞ்சினால் ரசித்த மாதிரி ஆகிவிடுமே.

இன்றும் அப்படித்தான் குடித்தேன். ஐஸிலிருந்து எடுத்த டப்பா. இரண்டாவது மடக்கு, மூன்றாவது, அவ்வளவுதான். விளக்கை அணைத்த மாதிரி.

கண் திறந்தபோது அரிசி மூட்டைமேல் கிடந்தேன். போன தடவை நான் சப்ளை பண்ணின அரிசி. புடவையெல்லாம் கோலா. ஃபெர்னாண்டஸ் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். நான் முதலில் கேட்டது "லிஸ்ட் எங்கே?" என்றுதானாம். மனுஷன் பயத்தில் பேரமே பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்படி ஒரு லாபம் எனக்கு வந்ததே இல்லை.

இறங்கும்போது சூசைராஜ் புது மணிலா கயிற்றை எடுத்து என் இடுப்பில் ஒரு சுற்று, அவன் இடுப்பில் ஒரு சுற்று.

"சந்தைக்கு மாடு ஓட்டிண்டு போறியாடா?"

"மாடு சொன்னாக் கேக்கும்க்கா."

டாக் கேட்டுக்கு வெளியே வந்து பட்டனை எடுத்தேன். ஆறு தடவை அமுக்கினேன், இடைவெளி விட்டு விட்டு. அனன்யா சொல்லித் தந்ததுதானே, புதிது வந்தால் பழையது அழியும். நல்ல தக்காளியை மேலே அடுக்கினால் கீழே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

"கத்திரிக்காய் எங்கடி?" என்றார் இவர், வாசலிலேயே.

"ஒண்ணும் நன்னாயில்ல."

எழுதிக்கொண்டார். 10.30 முதல் 1.00, லேக் மார்க்கெட், ஒன்றும் வாங்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

அனன்யா போன் பண்ணியபோது கை மாவாக இருந்தது. இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஷிமா, நேத்து பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"ஏம்மா?"

"உங்க இதயம் எட்டு செகண்டு நின்னிருக்கு."

"பட்டன் தப்பா அமுங்கியிருக்கும்—"

"பட்டன் அழிக்கிறது பட்டன் பதிவைத்தான் மாஷிமா. இதயம் நின்னா மெஷின் தானாவே வேற இடத்துல எழுதிடும். அதை யாரும் அழிக்க முடியாது. ஆறு தடவை எதுக்கு அமுக்கினீங்க?"

கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை டாக்டர் வரச்சொன்னதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டு விநாடி. எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அதற்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை. ஏணியில் வந்திருந்தால்? சூசைராஜின் மூன்று பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? சே. இது எனக்கு ஏன் நேற்றுத் தோணலை?

இவர் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கடி இருந்தே?"

"கப்பல்ல."

லேக் மார்க்கெட் என்பதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரே கோடு. மேலே 'கப்பல்' என்று எழுதினார். ஆபீஸில் செய்கிற மாதிரி ஓரத்தில் சின்னக் கையெழுத்து, தேதி. ஒரு வார்த்தை கத்தவில்லை. கத்தித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

காபி போட்டுக் கொடுத்தார். டம்ளரை வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். காபி சரியாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டர் மறுபடி அதே கேள்வி. விழுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா? 'இல்லை' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் இவர், மடியில் ரிஜிஸ்டர், பேனா மூடி திறந்து தயாராக. நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார். பொய்யையும் அதே அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார்.

"கோலா" என்றேன். "ஒரு டப்பா. ஐஸ் மாதிரி. ஒரே மூச்சில்."

டாக்டர் நிமிர்ந்தார். "முதல் தடவை, டாக்கில்?"

அதுவும் கப்பலில்தான், கோலாதான். கடை வாசலில், சூசைராஜ் வாங்கித் தந்த குளிர்ந்த சோடா. சமையலறையில், வெயிலிலிருந்து வந்து ஃபிரிஜ்ஜைத் திறந்து பாட்டில் தண்ணீரைத் தூக்கி... தண்ணீரையெல்லாம் யார் கணக்கில் வைப்பார்கள்?

அபூர்வமாகச் சிலருக்கு இப்படி உண்டாம். ஜில்லென்று, நுரை நுரையாக, பெரிய மடக்காக உள்ளே இறங்கினால் உணவுக்குழாய்க்குள் ஒரு நரம்பு துள்ளி இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடுமாம். எல்லாத் தடவையும் வராது, அதனால்தான் எனக்கும் பிடிபடவில்லை. "மூன்று தடவை கேட்டேனே மாஷிமா" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது இவர், பேனாவை மூடிக்கொண்டே, நிதானமாக:

"எனக்குத் தெரியும் டாக்டர்."

எனக்குக் கோலா இல்லாமலே நெஞ்சு நின்றது.

"என்ன தெரியும்?" என்று தமிழில் கேட்டேன்.

"கப்பல்ல குடிக்கறது."

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் வருஷத்துலேர்ந்து. செருப்பைக் கழட்டறச்சயே ஏப்பம் விடுவே. பச்சைத் தண்ணிகூடக் குடிக்காதவாளுக்கு அப்படி ஒரு ஏப்பம் வருமோடி?"

"பின்ன டாக்டர் கேட்டப்போ ஏன் சொல்லலே?"

"நீ இல்லேங்கறே. வெளி மனுஷா முன்னாடி உன்னைப் பொய் சொல்றவள்னு நான் காட்டிக்குடுக்கணுமா?"

"உங்களுக்காகத்தானே நான் மறைச்சேன்!"

"நானும் உனக்காகத்தான்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், ஏப்பம் உட்பட. "இனிமேல் என் அறைக்கு ஒருவர் ஒருவராக வாருங்கள்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு டாக்ஸியில் வரும்போது ரவீந்திர சரோபர் பக்கம் சிக்னலில் இவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் சேர்ந்துகொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

சோதனை. உடம்பெல்லாம் ஒயர், எதிரில் திரை, அனன்யா பக்கத்தில். முதலில் சாதாரணத் தண்ணீர். ஒன்றும் இல்லை. அப்புறம் டிரேயில் வைத்து ஒரு கோலா டப்பா கொண்டுவந்தாள் நர்ஸ். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இவர் கண் முன்னால் குடித்தேன். வெட்கமாக இருந்தது, என்னவோ வெற்றிலை பாக்கு மாற்றுகிற மாதிரி.

மூன்றாவது மடக்கில் தலைக்குள் ஒரு அலை. படுத்திருந்ததால் மயங்கவில்லை. திரையில் கோடு நேராக ஓடியது. ஐந்து விநாடி. "வந்துவிட்டது, வந்துவிட்டது!" என்று அனன்யா குதித்தாள். இதயம் நின்றதற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

உத்தரவு: குளிர்ந்தது கூடாது, நுரைப்பது கூடாது, எதுவானாலும் சின்னச் சின்ன வாயாக. இரண்டு மாதம் மெஷினில் ஒரு நிறுத்தம்கூட விழாமல் இருந்தால் ஏணி. விழுந்தால் பேஸ்மேக்கர், ஏணியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

வெந்நீர். ஒரு வாய், ஒரு மூச்சு, ஒரு வாய். ஒரு டம்ளருக்கு ஆறு நிமிஷம். வெளியே நாற்பது டிகிரி. சாபம் விட ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

மே 15, வியாழன்

ஃபெர்னாண்டஸ் கப்பல். நான் கீழே துறையில், அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு. பேரம் முழுக்கக் கத்திக் கத்தித்தான். கோஸ் விலையை டாக் முழுதும் கேட்டது. பத்தடி தள்ளி நின்ற மண்டலுக்கும் கேட்டது. அவன் அதைவிடக் குறைத்து ஒரு சத்தம் கொடுத்தான். பாதி லிஸ்ட் போயிற்று.

"நீங்க சொல்லுத கல்யாணக் கதை இவ்வளவு தூரம் எடுபடாதுக்கா" என்றான் சூசைராஜ்.

ஜூன் 19, வியாழன்

அனன்யா: "மாஷிமா, எழுபது நாள். ஒண்ணுமே இல்லை. டாக்டர் ஏறச் சொல்லிட்டார்."

மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இவர் ரிஜிஸ்டரில் எழுதி முடித்துவிட்டு, "நானும் வரேன்" என்றார்.

"எங்க?"

"கப்பலுக்கு. இருபத்திரண்டு வருஷமா என் பொண்டாட்டி எங்க போறான்னு நான் பாத்ததே இல்லை."

ஜூன் 26, வியாழன்

டாக்குக்குள் போக இவருக்குப் பாஸ் வாங்க இரண்டு மணி நேரம். படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் இவர் 'மேற்பார்வை' என்று எழுதியிருக்கிறார். யாரை யார் மேற்பார்வை பார்ப்பது?

முப்பத்தெட்டுப் படி. முன்னால் நான், நடுவில் இவர், பின்னால் சூசைராஜ். பாதியில் நின்று மூச்சு வாங்கினவர் இவர்தான்.

மெஸ்ஸில் ஃபெர்னாண்டஸ் கையில் டப்பாவோடு எழுந்தார். இதைக் குடித்தால் என் இதயம் நின்றுவிடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. டப்பாவைப் பாம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, வெந்நீரும் தேநீரும் கொண்டுவந்தார். வெந்நீர் எனக்கு. தேநீர் இவருக்கு, கப்பல் கோப்பையில், கப்பல் பாலில்.

அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன வேகிறது என்று வாசனையே சொன்னது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, லிஸ்டைப் பார்த்தேன். சூசைராஜ் தன் காலைப் பார்த்தான்.

உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. கோப்பை மேஜைமேல் வைக்கிற சத்தம்.

நான் வெங்காய விலையில் இருந்தேன். இவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"ஏண்டி, இன்னொரு கப் கேட்டா தப்பா நினைச்சுப்பாரோ?"

ஹிந்தியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வெங்காயத்துக்கு வந்தேன்.